கம்ப்யூட்டரில் பேன் சுற்றினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் பழைய கம்ப்யூட்டர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பத்து வருடம் தாண்டிய டெஸ்க்டாப் அடிக்கடி ரிப்பேர் ஆகிறதென்றால் அதற்கு மேல் காசைக் கொட்டாதீர்கள், தலையைச் சுற்றி எறிந்துவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்று எழுதியிருந்தார்கள். தப்பு என்று சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஏன் அடிக்கடி ரிப்பேர் ஆகிறது என்று அந்தக் கட்டுரை ஒரு இடத்தில்கூடக் கேட்கவில்லை. வயசாகிவிட்டது, அதனால் ஒவ்வொன்றாகப் போகிறது, அவ்வளவுதான். இதையே நம்பி 14,000 ரூபாய் விட்டவன் நான், அதனால் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். கடிதம் நீளும். வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள், வோல்டேஜ் கணக்கை மட்டும் வெட்டாதீர்கள்.

அவிநாசியில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். பழைய கட்டடம், மாடியில் என் கடை, கீழே பவர்டேபிள். திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பனியன் தைக்கிற யூனிட். ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்கள் காலை எட்டரைக்கு ஓட ஆரம்பித்தால் ராத்திரி எட்டரை வரை ஓடும். அந்தச் சத்தத்தில் வேலை செய்து பழகிவிட்டது. பஞ்சுத் தூசிதான் பழகவில்லை, ஜன்னலைச் சாத்தினாலும் எப்படியோ மேலே ஏறி வந்துவிடும்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று புதுசு, பட்டா சிட்டா எடுக்க, சான்றிதழுக்கு விண்ணப்பம் போட, இந்த மாதிரி ஆன்லைன் வேலைக்கு. இன்னொன்று 2012இல் அசெம்பிள் செய்தது. இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. இதை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. காரணம் கல்யாணப் பத்திரிகைதான். எங்கள் ஊர்ப் பத்திரிகை சாதாரணம் இல்லை. குலதெய்வத்தின் பேர், அது இருக்கிற ஊர், அப்பாரு, அப்பிச்சி, பெரியப்பா, சித்தப்பா, மாமன் வரிசை, எந்தப் பேருக்குப் பின்னால் எந்தப் பேர் வர வேண்டும் என்பது வரைக்கும் ஒரு கணக்கு இருக்கும். வரிசை மாறினால் ஒறம்பரைக்குள் பேச்சுவார்த்தை நின்று போகும், பார்த்திருக்கிறேன். அதனால் அக்கா கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையை எடுத்துக்கொண்டு தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து, "இதேமாதிரி போட்டுருங்க, பேரையும் தேதியையும் மட்டும் மாத்துங்க" என்பார்கள். அந்தக் கோப்பு எல்லாம் பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது. 2001இல் வந்த 7ஆம் பதிப்புதான் அதன் கடைசிப் பதிப்பு. எழுத்துரு எல்லாம் யூனிகோடுக்கு முந்தியது, அதற்கு ஒரு டாங்கிள், அதாவது சாவி மாதிரி ஒரு சின்னக் கருவி, வேறு சொருக வேண்டும். புது மெஷினுக்கு இதையெல்லாம் கொண்டுபோவது வீடு மாற்றுகிற வேலை இல்லை, ஊரே மாற்றுகிற வேலை.

சரி, கதைக்கு வருகிறேன். இந்த மெஷினை வாங்கிய நேரம் ஹார்ட் டிஸ்க் விலை கண்டபடி ஏறிக் கிடந்தது. 2011 கடைசியில் தாய்லாந்தில் பெரிய வெள்ளம் வந்து அங்கிருந்த ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் தண்ணீருக்குள் போய்விட்டன, அந்தச் சூடு அடுத்த வருடமும் ஆறவில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குக் கூடுதலாகக் கொடுத்ததை எங்கேயாவது மிச்சம் பிடிக்க வேண்டும் என்று பார்த்தேன். கேபினெட்டில் பிடித்தேன். கேபினெட் வாங்கினால் உள்ளேயே எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை பெட்டி இனாமாக வரும், 450 வாட் என்று மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கையில் தூக்கினால் டிபன் பாக்ஸ் கனம்கூட இருக்காது. கரண்டை மாற்றிக் கொடுக்கிற பெட்டிதானே, அதற்குப் போய் என்ன தனியாக 2,000 ரூபாய் என்று விட்டுவிட்டேன். அங்கே பிடித்தது சனி.

ஏழு வருடம் ஒழுங்காக ஓடியது. 2019 ஆவணியில், முகூர்த்தம் நெருக்கிக்கொண்டு இருந்த நேரத்தில், ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. சர்வீஸ் கடையில் கொடுத்தேன், கடையின் பேர் வேண்டாம். டிஸ்க் செத்துப்போச்சு என்று புதுசு போட்டார்கள், 3,400 ரூபாய். 2021 தையில் பவர் போட்டால் பேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது, நீளமாக பீப் அடிக்கும். ராம் போச்சு என்றார்கள், 1,600. 2022இல் திரும்பவும் ஹார்ட் டிஸ்க், 3,200. மூன்று வருடம்கூட ஆகவில்லையே என்றதற்கு, இப்ப வர்ற சரக்கெல்லாம் அப்படித்தானுங்க என்று பதில். 2023இல் ப்ளூ ஸ்கிரீன், தானாக ஆஃப் ஆகி ஆன் ஆவது, தேதி பின்னால் ஓடிப்போவது, எல்லாம் ஒட்டுக்காக வந்தது. மதர்போர்டு என்றார்கள். எச்61 புதுசு எங்கே கிடைக்கும்? செகண்ட்ஸ் போர்டு ஒன்று போட்டு 3,800 வாங்கினார்கள், பழைய போர்டை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஐந்து தடவை சர்வீஸ் சார்ஜ் 400 வீதம். கூட்டிப் பாருங்கள், சரியாக 14,000 வரும். போர்டு மாற்றி ஆறு மாதத்தில் மறுபடியும் தானாக ரீஸ்டார்ட். இந்தத் தடவை கைவிரித்துவிட்டார்கள். "மெஷினே போச்சுங்க, புதுசு வாங்கிக்குங்க." உங்கள் கட்டுரை சொன்ன அதே தீர்ப்பு.

இதில் ஒரு விஷயத்தை என்னிடம் முன்பே ஒரு ஆள் சொன்னாள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையில் டைப் அடிக்கிற அம்மிணி. "அண்ணா, கீழ மெஷின் போடறப்பத்தானுங்க இது ஆஃப் ஆகுது" என்று ஒரு நாள் சொன்னாள். நான், அது வேற லைன், இது வேற, நீ வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன். அவள் அதோடு விடவில்லை. எந்த நேரம் ரீஸ்டார்ட் ஆகிறது என்று ஆர்டர் நோட்டின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். டைப் செய்தது போச்சு, நான் நேரத்தை வீணாக்கவில்லை என்று எனக்குக் கணக்குக் காட்டத்தான் எழுதினாளாம்! அப்புறம் அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெரும்பாலும் காலை எட்டரை ஒட்டி, பதினொன்றேகாலை ஒட்டி, சாயந்தரம் நாலரையை ஒட்டி. டீக்குப் போன ஆட்கள் திரும்பி வந்து மெஷின்களை ஒட்டுக்காகப் போடுகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்த நாட்களில் ஒரு குறிப்பும் இல்லை, அன்றைக்குக் கீழே லீவு. நான்கு வருடமாக மெஷினுக்குள்ளேயே குடைந்துகொண்டிருந்தோம், விடை ஆர்டர் நோட்டின் ஓரத்தில் கிடந்திருக்கிறது.

என் மச்சான், வீட்டுக்காரியின் அண்ணன், கோயமுத்தூரில் ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2024 சித்திரையில் அவிநாசித் தேர் பார்க்க வந்தவர் அந்த வாரம் எங்களோடு தங்கினார். கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரே சொல்லிவிட்டார். கடைக்கு வந்தவர் பேச்சுவாக்கில் சிபியு மேல் கை வைத்தார், சடக்கென்று எடுத்தார். "மாப்பிள்ளை, இது கடிக்குதுங்களே" என்றார். ஆமாம் மச்சான், அது ரொம்ப நாளாகவே அப்படித்தான், செருப்புப் போட்டுக்கொண்டால் தெரியாது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

டெஸ்டரை வைத்தார், கேபினெட் உடம்பில் லைட் எரிந்தது. பிளக் பாயின்ட்டைக் கழற்றினார். மூன்று ஓட்டை இருக்கிறது, மேலே பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. அந்தக் காலத்து வயரிங், இரண்டு ஒயர் மட்டும்தான் வருகிறது. எர்த் என்பது கட்டடத்திலேயே கிடையாது. கீழே போர்வெல்லின் இரும்பு கேசிங் பைப்பில் ஒரு ஒயரைக் கட்டி மாடி வரைக்கும் இழுத்து வந்து, அதற்கும் கேபினெட்டுக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்தார். 108 வோல்ட். நான் எங்கேயோ ஒயர் உள்ளே தொட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட, கரண்ட் வருகிற பேஸ் ஒயரிலிருந்து ஒன்றும் அது திரும்புகிற நியூட்ரல் ஒயரிலிருந்து ஒன்றும் இரண்டு சின்ன கெப்பாசிட்டர்களை (மின்சாரத்தைத் தேக்குகிற பாகம்) உடம்போடு சேர்த்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் முழுக்க 230இல் சுமார் பாதி ஏறி உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் மிகச் சின்னது, ஆளைக் கடிக்கும், பெரும்பாலும் அதோடு விட்டுவிடும். ஆனால் நாம் பிரிண்டர் கேபிளையோ பென் டிரைவையோ சொருகும்போது அந்தப் பாதி வோல்டேஜ் இறங்க ஒரு வழி தேடுமே, அது யு.எஸ்.பி. போர்ட் வழியாகப் போனால் போர்ட் தாங்குமா? என் மெஷினில் முன்பக்கத்து யு.எஸ்.பி. இரண்டும் எப்போதோ செத்துவிட்டன. வயசு என்று நினைத்திருந்தேன்.

அடுத்து பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மீட்டரை வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் செய்யவில்லை. டீ டைம் முடியட்டும் என்றார். முடிந்தது, கீழே மெஷின் போட்டார்கள், டியூப் லைட் ஒரு சிணுக்கம் சிணுங்கியது, மீட்டர் 230இலிருந்து 194க்கு இறங்கிவிட்டுத் திரும்ப ஏறியது. லோ வோல்டேஜ் என்றேன். இருங்க என்றார். அரை மணி கழித்து கீழே வேறு ஏதோ மெஷின்களை ஓட்டினார்கள் போல, 258க்கு ஏறியது. லைட் மங்குவதை எல்லாரும் பார்ப்பார்கள் மாப்பிள்ளை, பளிச்சென்று கூடுகிறதே அதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுக் கீழே மெயின் போர்டுக்குப் போனார். த்ரீ பேஸ் லைன். நியூட்ரல் லிங்கில், அதாவது நியூட்ரல் ஒயர்கள் சேருகிற இடத்தில், ஒரு ஸ்குரூ லூசாகி, ஒயரின் மேல்தோல் கருகிப் போய் இருந்தது. நியூட்ரல் சரியாக உட்காராவிட்டால் மூன்று பேஸும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், ஒரு பக்கம் இறங்கும், இன்னொரு பக்கம் ஏறும். முழுசாகக் கழன்றுவிட்டால் 230 வர வேண்டிய பிளக்கில் 400 வரைக்கும் வரலாம். அன்றைக்குக் கழன்றிருந்தால் கம்ப்யூட்டர் மட்டுமா போயிருக்கும், பிரிட்ஜ், பேன், கீழே இருக்கிற லைட் எல்லாம் முச்சூடும் போயிருக்கும்.

யு.பி.எஸ். வைத்திருந்தீர்களா என்று கேட்பீர்கள். வைத்திருந்தேன், 600 விஏ. அதன் பேட்டரி போய் மூன்று வருடம். பச்சை லைட் எரிகிறதே என்று விட்டுவிட்டேன். நம்மூரில் விற்கிற சின்ன யு.பி.எஸ்.ஸில் பேட்டரி போய்விட்டால், சிலது வோல்டேஜைக் கொஞ்சம் சரிசெய்யலாம், ஆனால் கரண்ட் நின்றால் தாங்காது.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த இடம். எஸ்.எம்.பி.எஸ்.

என் சர்வீஸ் கடையில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதிக்கவே இல்லை என்று சொன்னால் பாவம். சோதித்தார்கள், மூன்று தடவை, என் கண் முன்னால். பெரிய கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் கம்பியால் சேர்த்தார்கள். பேன் சுற்றியது. "எஸ்.எம்.பி.எஸ். சூப்பரா இருக்குங்ணா" என்று மூடிவிட்டார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள், பச்சையையும் கறுப்பையும் சேர்ப்பது சுவிட்சைப் போடுவது மாதிரி. பேன் சுற்றினால் 12 வோல்ட் லைனில் ஏதோ கொஞ்சம் கரண்ட் வருகிறது என்று மட்டும்தான் தெரியும். எவ்வளவு வருகிறது, பாரம் ஏறினால் நிற்குமா, தெரியாது. வண்டி கட்டாத மாட்டைப் பார்த்து நல்லா நடக்குதுங்க என்று சொல்வதற்கு இது ஒன்றும் குறைந்ததில்லை.

மச்சானுக்கு கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் எந்தப் பெட்டியானாலும் வேலை செய்யும்போது அளக்க வேண்டும் என்று தெரியும். சும்மா இருந்த டிவிடி டிரைவின் நாலு ஒயர் கனெக்டரைக் கழற்றி வெளியே இழுத்து வைத்தார். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. மெஷினை ஆன் செய்து சும்மா விட்டபோது மஞ்சளில் 11.62. பெரிய கோப்புகளைக் காப்பி போட்டு, கூடவே பேஜ்மேக்கரில் படம் நிறைந்த பத்திரிகை ஒன்றைத் திறந்தேன். 11.08க்கு இறங்கியது. சிவப்பு 4.71. இதற்கு ஒரு அளவு இருக்கிறது, ஏடிஎக்ஸ் என்கிற வரைமுறையில் போட்டிருக்கிறார்கள், ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம். 12 என்றால் 11.40இலிருந்து 12.60 வரை, 5 என்றால் 4.75இலிருந்து 5.25 வரை. அதற்குக் கீழே போனால் ஹார்ட் டிஸ்க் மோட்டார் சரியான வேகத்தில் சுற்றாது, எழுதுகிற முனை இடம் தெரியாமல் தட்டிவிட்டுத் திரும்பும், நமக்கு டக் டக் என்று கேட்கும். இது போக, வோல்டேஜுக்குள் பொடிப்பொடியாக அலை அடிக்குமாம், 12 வோல்ட் லைனில் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட் லைனில் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் அது போகக்கூடாது. அதைச் சாதா மல்டிமீட்டரில் நம்பிப் பார்க்க முடியாது, அலையைப் படமாகக் காட்டுகிற ஆசிலாஸ்கோப் வேண்டும். அந்த அளவுக்குப் போகத் தேவையே இல்லாமல் போனது.

ஏனென்றால் அவர் அதைத் திறந்துவிட்டார். வாசகர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், அவர் அதை வடித்துவிட்டுத்தான் கை வைத்தார். உள்ளே பஞ்சு மெத்தை. பனியன் பஞ்சும் தூசியும் சேர்ந்து பேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஒயர்கள் வெளியே வருகிற பக்கத்தில் வரிசையாக நிற்கிற கெப்பாசிட்டர்களில் மூன்றின் தலை பணியாரம் மாதிரி உப்பியிருந்தது, ஒன்றின் அடியில் பிசின் மாதிரி ஒழுகிக் காய்ந்திருந்தது. இந்த வகை கெப்பாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கும், சூட்டில் அது வற்றும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி ஆகும் என்று தோராயமாக ஒரு கணக்கு உண்டு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று அச்சடித்த சரக்கு 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். பஞ்சு அடைத்து 75 ஆகிவிட்டால் 16,000தான். நான் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வருடத்துக்கு முந்நூறு நாள் ஓட்டுகிறேன், அதாவது 3,000 மணி நேரம். பத்து வருடம் வர வேண்டியது ஐந்து, ஆறு வருடத்தில் தளர்ந்துவிடும். என்னுடையது ஏழாம் வருடம் முதல் டிஸ்க்கைத் தின்றது. கணக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்! கீழே கடையில் பஞ்சு இல்லாமல் மளிகை இருந்திருந்தால் இன்னும் சில வருடம் இழுத்திருக்குமோ என்னவோ.

அதனால் சொல்கிறேன், ஒரு மெஷினில் ஒரே பாகம் திரும்பத் திரும்பப் போனால் அந்தப் பாகத்தைச் சந்தேகப்படலாம். இன்றைக்கு டிஸ்க், நாளைக்கு ராம், அடுத்து போர்டு என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறு போனால், எல்லாவற்றுக்கும் சோறு போடுகிறவன் யார் என்று பார்க்க வேண்டும். டிஸ்க்குக்கும் ராமுக்கும் போர்டுக்கும் பொதுவாக இருக்கிற ஒரே பெட்டி எஸ்.எம்.பி.எஸ்., அதற்கும் பின்னால் சுவரில் இருக்கிற பிளக். உங்கள் கட்டுரையைக் கேட்டு அன்றைக்கே 45,000 போட்டுப் புது மெஷின் வாங்கி அதே ஓட்டையில் சொருகியிருந்தால், அதையும் அதே நியூட்ரல்தான் வரவேற்றிருக்கும்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று 2,300 ரூபாய்க்கு வாங்கினேன், கையில் தூக்கினால் கனம் தெரிந்தது. யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி போட்டேன். நியூட்ரல் லிங்க்கை மாற்றினோம். எர்த்துக்குக் கட்டட ஓனரிடம் போனேன். "இத்தனை வருசமா இல்லாமயா ஓடுது" என்றார். கீழே பவர்டேபிள்காரரையும் கூட்டிக்கொண்டு போய், உங்க மெஷின்ல கை வைக்கிற பிள்ளைகளுக்கும் இதே கதைதானுங்க என்ற பிறகு மூன்று பங்காகப் போட்டுக்கொண்டோம். எட்டடி ஜி.ஐ. பைப், கரியும் உப்பும் அடுக்கி, பின்பக்கம் குழி. எங்கள் செம்மண் சித்திரை வைகாசியில் காய்ந்து கல்லாகிவிடும், காய்ந்த குழி எர்த் ஆகாது என்று மச்சான் சொல்லியிருக்கிறார், கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம். இப்போது கேபினெட்டைத் தொட்டால் கடிக்கவில்லை.

பெட்டியை மாற்றிய பிறகு ஒரு ஆசையில் மேசை டிராயரில் கிடந்த செத்த பாகங்களை எல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், மாட்டியதை நோட்டில் எழுதிக்கொண்டு, அம்மிணியிடம் கற்ற பாடம். 2019இல் செத்த முதல் ஹார்ட் டிஸ்க் ஓடியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது, ஏழு வருடத்துப் பத்திரிகை அதில் இருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்போ என்று ஒரு இலவச மென்பொருள், அதில் டிஸ்க்கின் உடல்நிலை தெரியும். கெட்டுப்போய் மாற்றி வைத்த செக்டார் (டிஸ்க்கில் தகவல் எழுதுகிற சின்னக் கட்டம்) எத்தனை என்று ஒரு வரி இருக்கும், சைபர். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் போகும்போது வந்த பிழையைக் காட்டுகிற சி7 என்ற வரியில் மட்டும் சில நூறு, அது டிஸ்க்கின் தப்பு இல்லை, பெரும்பாலும் கேபிள் சரியாக உட்காராதது. ராமை ரப்பரால் துடைத்து மாட்டி, ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், விடிய விடிய ஒரு பிழை இல்லை. அதன் பல்லில் பஞ்சு பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் நோய். 2019இல் புதுசாகப் போட்டு 2022இல் போன டிஸ்க் மட்டும் நிஜமாகவே செத்துவிட்டது, கெட்ட செக்டார் நூற்றுக்கணக்கில். எல்லாவற்றையும் தவறாகச் சொன்னார்கள் என்று நான் எழுதினால் அது பொய். பழைய மதர்போர்டு நல்லதா கெட்டதா என்பது இனி யாருக்கும் தெரியாது, அதைத்தான் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேனே. தேதி பின்னால் ஓடியதற்குக் காரணம் போர்டில் இருக்கிற சிஆர்2032 என்ற வட்ட பேட்டரியாகவும் இருந்திருக்கலாம், கடையில் முப்பது நாற்பது ரூபாய். அதை மாற்றிப் பார்த்தார்களா என்று நான் கேட்கவே இல்லை.

ராம் மேல் சந்தேகம் வந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. ராமைப் பக்கத்து ஸ்லாட்டில் மாற்றிப் போட வேண்டும். பிழை ராமோடு கூடவே போனால் ராம், பழைய ஸ்லாட்டிலேயே நின்றுகொண்டால் போர்டு. காசே ஆகாது. அதேபோல் விண்டோஸில் நடந்ததைக் குறித்து வைக்கிற ஈவன்ட் வியூவரில் 41 என்ற எண்ணைக் காட்டி போர்டு போச்சு என்பார்கள். அந்த 41 சொல்வது மெஷின் ஒழுங்காக மூடாமல் நின்று திரும்ப எழுந்தது என்பதை மட்டும்தான். ஏன் நின்றது என்று அதற்கும் தெரியாது.

சர்வீஸ் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 400 ரூபாய்க்கு அவர்கள் என் கடையில் வந்து டீ டைம் முடியும் வரை உட்கார்ந்திருக்க முடியுமா? நாமும் கொடுத்துவிட்டு, சாயந்தரத்துக்குள் வேணும் என்று நிற்கிறோம். மாட்டிப் பார்த்து எது வேலை செய்கிறதோ அதைப் போட்டு அனுப்புகிறார்கள். அவர்கள் கடையில் வேலை செய்துவிடும், அங்கே எர்த் இருக்கிறது, நியூட்ரல் நன்றாக இருக்கிறது. என் கடைக்கு வந்ததும் நோய் திரும்பிவிடும். ஆனால் இரண்டு காரியம் அவர்களால் செய்ய முடியும், உங்கள் பத்திரிகை சொன்னால் கேட்பார்கள் என்று நம்புகிறேன். பில்லில் "ஹார்ட் டிஸ்க் மாற்றியது" என்று எழுதுகிற இடத்தில் மஞ்சள் இத்தனை, சிவப்பு இத்தனை, மெஷின் ஓடும்போது அளந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்காமலே வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். டிராக்டருக்கு பேரிங் மாற்றினால்கூடப் பழைய பேரிங்கைத் துணியில் சுற்றிக் கொடுத்துத்தானே விடுகிறார்கள்.

வயசு ஒரு பொருட்டே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. விண்டோஸ் 7க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டது, 10க்கும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, 11ஐ ஏற்ற என் பிராசசருக்குத் தகுதி இல்லை, எட்டாம் தலைமுறை கேட்கிறார்கள். அதனால் இந்த மெஷினில் நெட் கேபிளையே பிடுங்கிவிட்டேன். பேங்க் வேலை, ஆதார் வேலை எல்லாம் புது மெஷினில்தான். பத்திரிகைக் கோப்புகளையும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்தாகிவிட்டது. இது ஒரு நாள் நிஜமாகவே சாகும், அது தெரியும். செத்தால் எதனால் செத்தது என்று அளந்துவிட்டுத்தான் எடுத்துப் போடுவேன்.

கடைசியாக ஒன்று. செத்துவிட்டது என்று சொல்லப்பட்ட அந்த 4 ஜிபி டிடிஆர்3 ராம் என் டிராயரில் நல்ல உடம்போடு சும்மா கிடக்கிறது. அவிநாசிப் பக்கம் யாருக்காவது பயன்படுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். பிளக்கில் எர்த் ஒயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு டி.டி.பி. கடைக்காரர்,
அவிநாசி.